தகடூரை நாங்கள் நடந்து பார்த்த ஞாயிறு

கல்யாணமாகி தருமபுரிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தருமபுரி எப்படியிருக்கும் என்று யாராவது அப்போது என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் சமையற்கட்டு எப்படியிருக்கும் என்று சொல்லியிருப்பேன். கொல்லைப்புறச் சந்துப் பாதையையும் அதன் முனையில் இருந்த சேந்துகிணற்றையும் சொல்லியிருப்பேன். அதற்கு அப்பால் இருந்த ஊரை நான் காதால்தான் அறிந்திருந்தேன். சந்தை நாளில் வண்டி மாடுகளின் சலங்கை கேட்கும். பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் பஸ் மேட்டில் ஏற முடியாமல் இருமும். கோயில் மணி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது கூட எனக்குத் தெரியாது.

நான் பென்னாகரம் சாலையோரம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். மழை பெய்தால் கேழ்வரகு நடவு, காய்ந்தால் கடலைக்காய் பறிப்பு என்று காட்டிலும் மேட்டிலும் திரிந்து வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் தகடூரைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அந்த ஊரில் ஒரு பெரிய கோட்டை இருந்ததாம். ஒரு கொடையாளி அரசன் இருந்தானாம். அவனைப் பார்க்க ஒரு பெண்புலவர் காடு மலையெல்லாம் தாண்டித் தனியாகவே நடந்து வந்தாராம். "அந்தத் தகடூருதான் இப்ப நம்ம தருமபுரி" என்று வாத்தியார் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னைத் தருமபுரியில் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டை இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். அப்பா சிரித்துவிட்டு, "போயிப் பாத்துக்க கண்ணு" என்றார்.

போனேன். பார்க்கவில்லை. திரை கட்டிய வில்வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். அதன்பின் என் கால் வாசற்படியைத் தாண்டியதெல்லாம் கொல்லைப்புறமாகத்தான்.

மாமனாருக்குக் கடைவீதியில் புளி மண்டி இருந்தது. என் கணவரும் அதில்தான் இருந்தார். வீட்டுக்குள் மாமியார், நான், என் கணவரின் அக்கா. கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி சிறுவயதிலேயே வாழ்க்கைப்பட்டு, சில வருஷங்களிலேயே புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வெள்ளைச் சேலை. கையில் ஒன்றுமில்லை. ஆனால் நடையில் ஒரு வேகம் இருந்தது. முற்றத்தைக் கடப்பதற்குக் கூட எங்கோ அவசரமாகப் போவதுபோலப் போவாள். போக இடம்தான் இல்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் நிற்கக்கூடாது. தெருவில் யாராவது பயணம் கிளம்பும்போது எதிரில் வரக்கூடாது. வாசலில் வண்டி வந்து நின்றால் உள்ளறைக்குப் போய்விட வேண்டும். இதையெல்லாம் யாரும் அவளிடம் தினமும் சொல்வதில்லை. சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சர்க்கரை கிடைக்காது, சீமெண்ணெய் கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டில் மாமனாரின் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். எல்லோரும் போக வேண்டும். அண்ணி போகக்கூடாது என்பது பேசாமலே முடிவாகிவிட்டது. அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதனால் நான் துணைக்கு இருக்க வேண்டும் என்று மாமியார் சொன்னார். புதுச்சேலையை எடுத்து வைத்திருந்தேன். அதைத் திரும்ப மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

வண்டி கிளம்பும்போது அண்ணி உள்ளறையில் இருந்தாள். சலங்கைச் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகு வெளியே வந்து முற்றத்தில் நின்றாள்.

"என்னால உனக்கும் போச்சு" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் போகல அண்ணி. அந்த வண்டிக்குத் திரை கட்டியிருந்தாங்க. போனாலும் நான் எதையும் பாத்திருக்க மாட்டேன்" என்றேன். பிறகு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை, "இந்த ஊரு கோட்டையையாவது எனக்குக் காட்டுங்களேன். நீங்க இங்கயே பொறந்தவங்க" என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னதுல ஓடின தெரு. இப்ப வழி மறந்திருக்கும்" என்றாள்.

"மறந்திருந்தா கேட்டுக்கலாம்."

அவள் அடுக்களைக்குள் போய் அடுப்பில் இருந்த கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். கொஞ்சம் பொரியும் கடலையும் சில்லறைக் காசும் ஒரு துணியில் முடிந்தாள். நான் கொல்லைக் கதவுப் பக்கம் நடந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறவாசல் வேண்டாம். திருட்டுத்தனமா போனா திருட்டாயிடும். முன்வாசல்ல போவோம்."

முன்வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெயில் தெருவின் பாதியில் ஏறியிருந்த நேரம். எதிர்வீட்டு அக்கா வாசலில் முறத்தோடு உட்கார்ந்து கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"ஊரைப் பாக்க" என்றாள் அண்ணி.

"ஊருலதானே இருக்கறீங்க?"

"இருக்கறோம். பாத்ததில்ல."

அந்த அக்கா முறத்தை இறக்கி வைத்தார். நாங்கள் தெருவின் நடுவில் நடந்தோம். ஓரமாகப் போகலாம் என்று எனக்குக் கால் இழுத்தது. அண்ணி விடவில்லை.

கோட்டை என்றால் எனக்குப் பாடப் புத்தகத்துப் படம்தான். உயரமான மதில், கொடி, யானை நுழையும் வாயில். நாங்கள் போய் நின்ற இடத்தில் ஒரு மண்மேடு இருந்தது. அதன்மேல் ஆடுகள் மேய்ந்தன. மேட்டின் சரிவில் கருங்கற்கள் சில வரிசை தப்பாமல் இருந்தன, சில உருண்டு கிடந்தன. சுற்றிலும் ஆழமாகப் போன ஒரு பள்ளம். அதில் யாரோ கத்தரிக்காய் பயிரிட்டிருந்தார்கள்.

"இதுதாங்களா?" என்றேன்.

"இதுதான். நீ என்ன நெனச்ச?"

"கொடி பறக்கும்னு நெனச்சேன்."

அண்ணி வெகுநேரம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்ளப் போனவள், சுற்றிலும் யாரும் இல்லை என்று கண்டு கையை இறக்கிவிட்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டின் மேல் ஏறினாள். நானும் ஏறினேன். அங்கிருந்து ஊர் முழுவதும் தெரிந்தது. ஓட்டுக் கூரைகள், புளியமரங்கள், தூரத்தில் மலைகளின் நீலம். எங்கள் வீட்டுக் கூரை எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு வருஷம் என்னை அடைத்து வைத்திருந்த வீடு, அங்கிருந்து பார்த்தால் அடையாளம் தெரியாத நாலு ஓடு. அது எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

கோட்டைக் கோயிலுக்குள் போனோம். அந்த மண்டபத்தில் ஒரு தூண் தரையில் படாமல் தொங்குகிறது என்று வீட்டில் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறேன். அம்மன் சன்னதியின் அடியில் இராமாயணக் கதையைக் கைவிரல் அளவுப் பொம்மைகளாகச் செதுக்கியிருந்தார்கள். அண்ணி குனிந்து குனிந்து அதைச் சுற்றி வந்தாள். சீதை நெருப்பில் நிற்கிற இடம் எங்கே என்று தேடினாள். அவளுக்கு அது கிடைத்ததா, தெரியாது. "நல்லாத்தான் செதுக்கியிருக்கறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

குருக்கள் எங்கள் வீட்டை அறிந்தவர். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆத்துல யாரும் கூட வரலையா?"

"பாலக்கோட்டுக்குப் போயிருக்கறாங்க சாமி. நாங்க தூணப் பாக்க வந்தோம்."

"ரெண்டு பேர் மட்டுமா? பெரியவா யாராவது வந்தப்போ வந்து பார்த்திருக்கலாமே."

"தூணு அவுங்க வந்தாதான் தொங்குமுங்களா?" என்றாள் அண்ணி. கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்பதுபோலக் கேட்டாள். குருக்கள் தூண் இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அண்ணி தரையில் உட்கார்ந்து தன் முந்தானையின் ஓரத்தைத் தூணின் அடியில் செருகினாள். நான் மறுபக்கம் மண்டியிட்டு விரலை விட்டுத் துழாவினேன். துணி அகப்பட்டது. இழுத்தேன். வெள்ளை முந்தானை தூணுக்கும் தரைக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு, தூசு படிந்து, என் பக்கம் வந்தது. அத்தனை பெரிய கல் ஒரு மயிரிழை இடம் விட்டு நிற்கிறது. நாங்கள் இருவரும் மாறி மாறி இழுத்து விளையாடினோம். இப்போது நினைத்தால் இரண்டு குழந்தைகள்போல இருந்திருக்கும். எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது கடைவீதி. ஞாயிறு ஆனதால் மண்டிகள் பாதி மூடியிருந்தன. எங்கள் மண்டியின் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. ஆனால் அதன் வாசலில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வயதான மனிதர், மாமனாரிடம் பலகாலமாக இருப்பவர். எங்களைக் கண்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து ஓடிவந்தார்.

"அம்மா, என்னங்கம்மா இது? வூட்டுல ஏதாச்சும் ஆயிடுச்சுங்களா?"

"ஒண்ணும் ஆகல. ஊரைச் சுத்திப் பாக்கறோம்."

"மொதலாளிக்குத் தெரியுங்களா?"

"வந்ததும் நாங்களே சொல்லுவோம்."

அவர் முகம் வெளுத்தது. "வேண்டாங்கம்மா. நான் கொண்டுபோயி வூட்டுல வுட்டுடறேன். யாராச்சும் பாத்தா என்னையத்தான் கேப்பாங்க, நீ அங்கதானே ஒக்காந்திருந்தேன்னு."

"பாத்தேன், சொன்னேன், கேக்கலன்னு சொல்லிடுங்க" என்று அண்ணி நடந்தாள். அவருக்கு மனம் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் விட்டு எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தார். நாங்கள் நின்றால் அவரும் நிற்பார். ஒரு கடையில் பாத்திரம் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்வார். நடந்தால் நடப்பார். இப்படியாக எங்களுக்கு ஒரு காவல் கிடைத்தது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைவீதியின் முடிவில் ஒரு காப்பி கிளப் இருந்தது. உள்ளே பெஞ்சுகள், ஆண்கள், புகை. அதன் வாசலைத் தாண்டும்போது காப்பி வாசனை வந்தது. அண்ணியின் நடை தயங்கியது. வீட்டில் காப்பி ஆண்களுக்கு மட்டும்தான். மிஞ்சிய வண்டலில் தண்ணீர் ஊற்றி நாங்கள் குடிப்போம்.

அண்ணி படியேறினாள். நான் அவள் முதுகைப் பார்த்தபடியே ஏறினேன். கல்லாவில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

"பாத்திரம் கொண்டாந்திருக்கீங்களா? ஊத்திக் குடுக்கச் சொல்றேன்."

"இங்கயே குடிக்கறோம்."

"பொம்பளைங்க ஒக்கார எடமில்லீங்களே. வேணும்னா பின்னால, அடுப்புக்கிட்ட…"

"அடுப்புக்கிட்ட எங்க வூட்டுலயே இருக்கறமுங்க. முன்னால அந்தப் பெஞ்சு காலியாத்தானே இருக்குது."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டேன். எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒருவர் குடித்துக்கொண்டிருந்த தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். போகும்போது, "காலம் கெட்டுப்போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்து, "எங்களுக்கு இப்பத்தானுங்க நல்லா இருக்குது" என்றாள். யாரோ மூலையில் சிரித்தார்கள். கல்லாக்காரர் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். எங்களை எழுப்பினால் ரகளை, எழுப்பாவிட்டால் இரண்டு காப்பி. கடைசியில், "ரெண்டு காப்பி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

வெல்லம் போட்ட காப்பிதான். அந்தக் காலத்தில் எங்கும் அப்படித்தான். ஆனால் முதல் டிகாக்ஷன். பித்தளைத் தம்ளரைக் கையில் பிடிக்க முடியாத சூடு. அண்ணி அதை ஒரு சொட்டு விடாமல் மெதுவாகக் குடித்தாள். வெளியே கணக்குப்பிள்ளை தூணோரம் வெயிலில் நின்றிருந்தார். "உள்ள வாங்க, நிழல்ல நில்லுங்க" என்று அண்ணி கூப்பிட்டாள். அவர் எங்களைத் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்தார்.

அங்கிருந்து ரயிலடிக்குப் போனோம். ரயில்தான் இல்லை. மொரப்பூரிலிருந்து வரும் சின்ன ரயில் என் கல்யாணத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடம் பூட்டிக் கிடந்தது. தண்டவாளம் இருந்த தடத்தில் ஜல்லியும் எருக்கஞ்செடிகளும் இருந்தன.

அண்ணி அந்தத் தடத்தில் இறங்கி நின்றாள். "இங்கதான் என்னைக் கொண்டாந்து எறக்குனாங்க" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புருஷன் செத்தபின் புகுந்த வீட்டிலிருந்து அவளை அந்த ரயிலில்தான் அழைத்து வந்திருக்கிறார்கள்.

"பொட்டி பூரா சனம். ஒருத்தர் என்கிட்ட ஒக்காரல. எல்லாரும் எந்திரிச்சு அந்தக் கோடிக்குப் போயிட்டாங்க. எனக்கு ஒரு பெஞ்சு முழுசா கெடச்சுது. காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வந்தேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, "அழாத புள்ள. அந்த ரயிலு போச்சு, நான் இருக்கறேன்" என்றாள். ஜல்லியில் செருப்பில்லாத கால்களோடு தடத்தின் முடிவு வரை நடந்து திரும்பி வந்தோம்.

ராமக்காள் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் பழைய கல் ஒன்று நட்டிருந்தது. எங்கள் பக்கம் இதுபோன்ற கற்களுக்குக் குறைவே இல்லை. மாட்டைக் காக்கவோ ஊரைக் காக்கவோ சண்டையில் செத்த வீரனுக்கு நட்டது என்பார்கள். இந்தக் கல்லில் வாளோடு ஒருவன் இருந்தான்; பக்கத்தில் ஒரு பெண், ஒரு கையை மடித்து மேலே தூக்கியபடி. தூக்கிய கை நிறைய வளையல். புருஷனோடு தீயில் இறங்கியவள் அவள். வீரமாத்தி என்று நாங்கள் சொல்வோம். கன்னடம் பேசுகிறவர்கள் மாஸ்தி என்பார்கள்.

சில பெண்கள் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிழலுக்காக மரத்தடிக்குப் போனோம். அவர்களில் பெரியவளாக இருந்தவள் அண்ணியின் சேலையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. சுமங்கலிப் பூசை."

அண்ணி தள்ளி நிற்கவில்லை. கல்லைக் காட்டி, "இவளுக்குப் புருஷன் இருக்கறானா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் திகைத்தாள். "என்ன பேச்சு இது? இவ அவங்கூடவே போனவ. அதனால தெய்வம்."

"நான் போகல. அதனால தள்ளி நிக்கணும். அவ்வளவுதானே?"

அண்ணி கல்லுக்குப் பக்கத்திலேயே, அதன் நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். துணி முடிச்சை அவிழ்த்துப் பொரியை எடுத்து எனக்கும் கொடுத்துத் தானும் தின்றாள். அந்தப் பெண்கள் அவசர அவசரமாகக் கற்பூரத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் சிறியவளாக இருந்த ஒருத்தி மட்டும் திரும்பி வந்து, தட்டில் இருந்த வாழைப்பழம் ஒன்றை அண்ணியின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

அவர்கள் போனபின் அண்ணி எழுந்து அந்தக் கல்லின் வளையல்களை விரலால் தடவிப் பார்த்தாள். "எத்தன வயசோ இவளுக்கு" என்றாள். விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்துக்கொண்டே, "இவ மேல எனக்குக் கோவம் இல்ல. இந்தக் கல்ல நட்டவங்க மேலதான்" என்றாள். அந்தப் பழத்தை உரித்து இரண்டாக்கி எனக்குப் பாதி கொடுத்தாள்.

ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். யார் இந்த ராமக்காள் என்று அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டோம். ஏரிக்கு அதுதான் பேர் என்றார். அவளும் ஒரு பெண்தானே, இத்தனை பெரிய ஏரிக்குப் பேர் கொடுத்தவள் என்ன செய்தாள் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று எனக்குக் கோபமாக வந்தது. திரும்பிப் பார்த்தால் கணக்குப்பிள்ளையைக் காணோம்.

பொழுது சாயும் முன் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தோம். பாலக்கோட்டு வண்டி வாசலில் நின்றிருந்தது. மாடுகளை அவிழ்த்திருந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் மாமனார், மாமியார், என் கணவர் மூவரும் நின்றிருந்தார்கள். அவர்களோடு கணக்குப்பிள்ளை. தெருவில் ஒரு வாசல் பாக்கியில்லாமல் ஆள் நின்றிருந்தது.

அண்ணி யாரையும் பார்க்காமல் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே போனபின் மாமனார் கதவைச் சாத்தினார்.

"எங்க போனீங்க?"

"ஊரைப் பாக்கப் போனோம்பா. கோட்டை, கோயிலு, கடைவீதி, ரயிலடி, ஏரி."

"காப்பி கிளப்புல ஒக்காந்தீங்களாமே."

"ஒக்காந்தோம். நல்லா இருந்துச்சு."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்குள்ள தலகாட்ட முடியாமப் பண்ணிட்டாளே. தாலியறுத்தவ வூட்டோட கெடக்காம…"

"ஆத்தா" என்றாள் அண்ணி. சத்தம் போடவில்லை. "நான் தாலியறுத்தவதான். காலு இருக்குது. கண்ணு இருக்குது."

மாமனார் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். "நீ பாத்துட்டுச் சும்மாவா இருந்த?"

அவருக்குப் பதிலாக அண்ணியே சொன்னாள். "அவரு தடுத்தாருப்பா. நாங்க கேக்கல. வுட்டுட்டுப் போக மனசு வராம வெயில்ல பின்னாலயே வந்தாரு. அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

பிறகு மாமனார் என் பக்கம் திரும்பினார். "இவளுக்குத்தான் கேக்க ஆளில்ல. உனக்கென்ன? நாளைக்கே உன்னை உங்கப்பன் வூட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

இரண்டு வருஷமாக நான் அவர் முன் வாய் திறந்ததில்லை. திறந்தேன். "அனுப்புங்க மாமா. திரை கட்டின வண்டி வேண்டாம். பென்னாகரம் ரோடு எனக்குத் தெரியும். நடந்தே போறேன். ஆனா நாந்தான் அண்ணியைக் கூப்பிட்டேன். அவுங்கள ஒண்ணும் பேசாதீங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே இந்த வாசப்படியத் தாண்டினா பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"வர்ற ஞாயித்துக்கெழமையும் போவோம்பா" என்றாள் அண்ணி, அவர் முதுகைப் பார்த்து.

மறுநாள் காலை என் கணவருக்குக் களி போட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டார்: "அந்தத் தூணு நெசமாவே தொங்குதா?"

"நீங்க பாத்ததில்லீங்களா?"

"கேள்விப்பட்டதுதான்."

"வாங்க, ஒருநாளு கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வாரம் முழுவதும் மாமனார் எங்களோடு பேசவில்லை. மாமியார் பேசியதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான். நடுவில் ஒருநாள் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். மாமியார் கோணிப்பைகளை எடுக்க உள்ளே போன நேரத்தில் அண்ணியின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார். கடைவீதியில் எல்லோரும் மாமனாரை நோண்டி நோண்டிக் கேட்டார்களாம்: உங்க வூட்டுப் பொம்பளைங்க கிளப்புல ஒக்காந்து காப்பி குடிச்சாங்களாமே என்று. மாமனார் எதற்கும் தலைகுனிகிற ஆளில்லை. "ஆமா, நாந்தான் போயிட்டு வரச்சொன்னேன். எங்க வூட்டுப் பொண்ணுங்க எங்க ஊருல நடந்தா உனக்கென்ன?" என்று ஒரு போடு போட்டாராம்.

இதைச் சொல்லும்போது கணக்குப்பிள்ளையின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு விடிந்தது. மாமியார் முன்வாசலையும் கொல்லையையும் பூட்டிச் சாவிகளை இடுப்பில் முடிந்துகொண்டார். அண்ணி குளித்துவிட்டு வந்து முன்கதவுக்கு நேராக உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். அடுப்பு மூட்டவில்லை. மாமியார் முதலில் திட்டினார், பிறகு அழுதார், பிறகு தானே அடுப்பை ஊதப் போய், புகையில் இருமிக்கொண்டு திரும்பி வந்தார்.

மாமனார் அறையிலிருந்து வெளியே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "என்ன இது?"

"கதவத் தொறக்கச் சொல்லுங்கப்பா" என்றாள் அண்ணி.

"நாந்தான் போகக்கூடாதுன்னு சொன்னனே."

"வூட்டுல அப்படிச் சொன்னீங்க. கடைவீதியில நீங்கதான் அனுப்புனதாச் சொன்னீங்களாமே. இன்னைக்கு நாங்க போகலைன்னா, அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யின்னு ஊரு பேசும்."

மாமனார் ஓரடி முன்னால் வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். எழுந்து அண்ணிக்கு முன்னால் நிற்கலாம் என்று கையைத் தரையில் ஊன்றினேன். அவர் எங்களைப் பார்க்காமல் மாமியார் பக்கம் திரும்பினார்.

"சாவியக் குடு."

"என்னாங்க இது…"

"குடுன்னா."

கதவை அவரே திறந்தார். திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். "பொழுதோட வந்துடுங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவர் தன் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டார். எங்களுக்கு அது போதும்.

அன்று அதியமான்கோட்டை வரைக்கும் நடந்தோம். அங்கே கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருந்தன. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தோம். அடுத்த சில வாரங்களில் எதிர்வீட்டு அக்கா, "நானும் வரட்டுமா?" என்று கேட்டு எங்களோடு சேர்ந்தார். தெருவில் எங்களுக்கு ஊர்சுத்திகள் என்று பேர் வைத்தார்கள். பையன்கள் பின்னாலிருந்து அப்படிக் கத்துவார்கள். அண்ணி ஒருமுறை நின்று திரும்பி, "ஆமாண்டா, இன்னும் பாதி ஊரு பாக்கி இருக்குது" என்று அவர்களுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தெருவின் நடுவில் நடந்தாள்.